நாலுக்கு ஒண்ணு!

"இட்லிக்கு உளுந்து எவ்வளவு போடறீங்க?" என்று எந்த வீட்டில் கேட்டாலும் பதில் பட்டென்று வரும். "நாலுக்கு ஒண்ணு!" சில வீடுகளில் "மூணுக்கு ஒண்ணு" என்பார்கள். உளுந்து புதுசா பழசா, கிரைண்டரா மிக்ஸியா என்று நீங்கள் வாயைக் கொடுத்தால் அரை மணி நேர விரிவுரையே கிடைக்கும்.

அதே வீட்டில், அதே அம்மாவிடம், ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் புத்தகத்தை நீட்டி, "விகிதம்னா என்னம்மா?" என்று கேட்கட்டும். "போ, அப்பாகிட்ட கேளு!" அப்பா அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மா ஒரு நிமிஷம் முன்னால் சொன்னாரே 'நாலுக்கு ஒண்ணு', அதுதான் விகிதம். அவருக்கு அது தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது!

அடியேன் பி.காம். லாபப் பங்கீட்டு விகிதம், தியாக விகிதம், ஆதாய விகிதம், நடப்பு விகிதம் என்று மூன்று வருஷம் விகிதத்தையே சாப்பிட்டு, விகிதத்திலேயே கை கழுவியவன். எனவே, உறவிலும் அக்கம்பக்கத்திலும் 'விகிதம் வரலை' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் தள்ளிவிடப்படுவது வழக்கம். அவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வகுக்கத் தெரிகிறது, அடிக்கத் தெரிகிறது, சுருக்கத் தெரிகிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை மட்டும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே 'விகிதம் மற்றும் விகித சமம்' வந்துவிடுகிறது. அங்கே விட்டால் சதவீதத்தில் தடுமாற்றம், வட்டியில் வழுக்கல், வடிவொத்த முக்கோணத்தில் முழி பிதுங்கல். இத்தனைக்கும் மூலம் அந்த இரண்டு புள்ளிதான்.

இரண்டு புள்ளிக்குப் பெயர் 'க்கு'

4 : 1 என்று எழுதுகிறோமே, நடுவில் இருக்கிற அந்த இரண்டு புள்ளியை எப்படிப் படிப்பது? 'நாலு இஸ் டு ஒன்' என்று பிள்ளைகள் மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். நான் சொல்வது, "அதை 'க்கு'ன்னு படி!" நாலு'க்கு' ஒன்று. தமிழில் ஒரே ஒரு வேற்றுமை உருபுதான் முழு விகிதமும். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து.

இப்போது ஆழாக்கைத் தூக்கிவிட்டு டம்ளர் வையுங்கள். நாலு டம்ளருக்கு ஒரு டம்ளர். படி வையுங்கள், நாலு படிக்கு ஒரு படி. கல்யாண வீட்டில் மூட்டைக் கணக்கு. எல்லாவற்றிலும் இட்லி அதே இட்லிதான்! அளவு மாறினாலும் உறவு மாறவில்லை. அதனால்தான் விகிதத்துக்கு கிலோ, லிட்டர், மீட்டர் என்று எந்த வாலும் கிடையாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டையும் ஒரே அளவையால் அளந்திருக்க வேண்டும். அரிசியைப் படியாலும் உளுந்தை டம்ளராலும் அளந்துவிட்டு 'நாலுக்கு ஒண்ணுதானே போட்டேன்?' என்று கேட்டால், அன்றைக்கு இட்லியை வைத்து வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாம்.

பரீட்சையில் பிள்ளைகள் முதலில் கவிழ்வது இந்த இடத்தில்தான். '250 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் உள்ள விகிதம் என்ன?' பக்கத்துப் போர்ஷன் பையன் யோசிக்காமல் 250 : 1 என்று எழுதினான்.

"ஏண்டா, கால் கிலோ வெங்காயமும் ஒரு கிலோ தக்காளியும் வாங்கினா, வெங்காயம் தக்காளியைவிட 250 மடங்கா?"

பையன் சிரித்துவிட்டான். தானே ஒரு கிலோவை 1000 கிராமாக்கினான். 250 : 1000. அதாவது 1 : 4. சிரிப்பு வந்துவிட்டால் பாதி கணக்கு வந்த மாதிரி!

இரண்டு புள்ளியெல்லாம் விகிதம் அல்ல

சுருக்கும் வித்தை கைவந்ததும் சில பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் சுருக்க ஆரம்பித்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் 10:30. "மாமா, மணி 1:3!" என்றாள் என் அக்கா மகள். குறும்புக்குத்தான் சொன்னாள். ஆனாலும் நல்ல கேள்வி. ஏன் சுருக்கக்கூடாது?

முன்னால் இருப்பது மணி, பின்னால் இருப்பது நிமிஷம். 'பத்துக்கு முப்பது' என்று அங்கே எந்த உறவும் இல்லை. புள்ளி சும்மா வேலி மாதிரி நிற்கிறது. கால்பந்து ஸ்கோரும் அப்படியே. 4-2 என்று ஜெயித்த அணியிடம் போய், 'சுருக்கினால் 2-1 தானே?' என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கோல் உங்களை வைத்துத்தான்! ஸ்கோரில் முக்கியம் எத்தனை கோல் என்பது. விகிதத்தில் முக்கியம் எத்தனை மடங்கு என்பது. இது புரிந்த பிள்ளைக்குத்தான் 'எப்போது சுருக்கலாம்' என்பதும் புரியும்.

சுருக்குவது என்றால் குறைப்பது அல்ல

'சுருக்குக' என்ற வார்த்தையே பிள்ளைகளைக் குழப்புகிறது. 84 : 36-ஐச் சுருக்கி 7 : 3 என்று எழுதினால், எதையோ வெட்டி எறிந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். எதையும் எறியவில்லை. பெரிய பாத்திரத்தால் அளந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே 84 கிலோ அரிசி, 36 கிலோ பருப்பு. ஒரே பாத்திரத்தால் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்க வேண்டும். ஒரு கிலோ பாத்திரம் எடுத்தால் 84 தடவை, 36 தடவை... கை ஓய்ந்துவிடும். இரண்டு கிலோ பாத்திரத்தால் 42 தடவை, 18 தடவை. நாலு கிலோ என்றால் 21, 9. பன்னிரண்டு கிலோ பாத்திரத்தால் 7 தடவை, 3 தடவை. அதற்கு மேல் பெரிய பாத்திரம் எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு பக்கம் மிச்சம் விழும்.

அந்தப் பன்னிரண்டு கிலோ பாத்திரத்துக்குத்தான் புத்தகத்தில் 'மீப்பெரு பொதுக் காரணி' என்று மிரட்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

பாத்திரத்தைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போங்கள். 84-ல் 36 போனால் 48. மறுபடி 36 போனால் 12. இப்போது 36-ல் 12 போனால் 24. இன்னொரு 12 போனால் 12. இரண்டும் 12 ஆகிவிட்டது. அதுதான் விடை! சுமார் 2300 வருஷத்துக்கு முன் கிரேக்கத்து யூக்ளிட் எழுதி வைத்துவிட்டுப் போன வழி இது. வாய்ப்பாடு மறந்த பிள்ளைக்கும் கழித்தல் தெரிந்தால் போதும்.

இதற்கு ஓர் அருமையான உதாரணம், நம் தேசியக் கொடி. 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு ஒன்பது அளவுகளைச் சொல்கிறது. ரொம்பப் பெரியது 6300 மில்லிமீட்டர் நீளம், 4200 மில்லிமீட்டர் உயரம். மேஜை மேல் வைக்கிற குட்டிக் கொடி 150-க்கு 100. நடுவில் 1350-க்கு 900, காரில் பறக்கிற 225-க்கு 150 என்று பல. முதல் கொடிக்குப் பாத்திரம் 2100. மேஜைக் கொடிக்கு 50. கார்க் கொடிக்கு 75. ஆனால் அளந்து முடித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை, 3 : 2. உங்கள் பிள்ளையை ஒன்பதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாவது கொடிக்குள் சுருக்கல் பயம் போய்விடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. நீளத்துக்கும் உயரத்துக்கும் 3 : 2. வரிசையை மாற்றி 2 : 3 என்று எழுதினால் கொடி செங்குத்தாக எழுந்து நின்றுவிடும்! 'க்கு' யாருக்கு என்பதைக் கேள்வியைப் படித்த உடனே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டினால் கெட்டது

இன்னொரு வழக்கமான சறுக்கல். 'இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் சமமாகத்தானே இருக்கும்?' என்று பிள்ளைகள் நினைப்பது. நியாயமாகத்தான் படும். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே எடை போட்டால் முள் நகராதே!

சமையலறைக்கு வாருங்கள். நாலுக்கு ஒன்று போட்டிருக்கிறீர்கள். விருந்தாளி வந்துவிட்டார். அரிசியில் ஒரு டம்ளர், உளுந்தில் ஒரு டம்ளர் கூட்டுகிறீர்கள். ஐந்துக்கு இரண்டு. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளராக இருந்த உளுந்து, இப்போது இரண்டரை டம்ளர் அரிசிக்கே ஒரு டம்ளர் என்று ஆகிவிட்டது. மாவே வேறு! உறவு மாறாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். எட்டுக்கு இரண்டு. பன்னிரண்டுக்கு மூன்று. பெருக்கலாம், வகுக்கலாம். கூட்டக் கூடாது, கழிக்கக் கூடாது.

நகைக்கடையில் விகிதம்

நகைக்குள்ளே '916' என்று முத்திரை இருக்கிறதே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? சுத்தத் தங்கம் 24 காரட். நகைத் தங்கம் 22 காரட். 22-க்கு 24. இரண்டையும் இரண்டால் வகுத்தால் 11-க்கு 12. பதினொன்றைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 0.916... என்று போய்க்கொண்டே இருக்கும். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம்! ஒரு சவரன் 8 கிராமில் தங்கம் மட்டும் சுமார் 7.33 கிராம்.

இங்கே ஒரு நுட்பம். 11 : 12 என்பது தங்கத்துக்கும் மொத்த நகைக்கும் உள்ள விகிதம். தங்கத்துக்கும் அதில் கலந்த செம்பு, வெள்ளி வகையறாவுக்கும் உள்ள விகிதம் வேறு. அது 22 : 2, அதாவது 11 : 1. பங்குக்கும் பங்குக்கும் ஒரு விகிதம், பங்குக்கும் மொத்தத்துக்கும் ஒரு விகிதம். இந்த இரண்டும் குழம்பினால் பரீட்சையில் மார்க் போகும். வாழ்க்கையில் பணமே போகும்.

எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஸ்டேஷனரிக் கடை வைத்தார்கள். ஒருவர் போட்டது மூன்று லட்சம், இன்னொருவர் இரண்டு லட்சம். விகிதம் 3 : 2. மொத்தம் ஐந்து பங்கு. லட்ச ரூபாய் லாபம் வந்தால் அறுபதாயிரம், நாற்பதாயிரம் என்று முதலாமவர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மனசுக்குள் மட்டும்! பத்திரம் எழுதவில்லை. "நமக்குள்ள என்னப்பா எழுத்து?"

லாபம் வந்தது. சண்டையும் வந்தது. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், 13-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் சமம், நஷ்டமும் சமம். போட்ட முதல் எவ்வளவு என்பது கணக்கில்லை. வாய்ப் பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமே! 3 : 2 என்று நினைத்தவருக்குக் கிடைத்தது 1 : 1. கடை இன்றைக்கும் இருக்கிறது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நட்பு பிழைத்திருக்கும்.

ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஒரு கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்மணி ஒரு முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். "நல்லா திக்கா இருந்தா சீக்கிரம் தெம்பு வரும்ல!"

கூட நின்றிருந்த அக்கா மகள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்னு போட்டிருக்கு. இது 200 மில்லி டம்ளர். நீங்க அஞ்சு மடங்கு போட்டுட்டீங்க!"

சரியான கணக்கு. 1000 : 200 என்றால் 5 : 1. டம்ளரில் இருந்ததைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, காய்ச்சி ஆறிய தண்ணீர் இன்னும் நாலு டம்ளர் சேர்த்த பிறகுதான் குழந்தைக்குக் கொடுத்தார்கள். கரைசல் அளவுக்கு மீறிக் கெட்டியானால் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். ரத்தத்தில் உப்பு ஏறும். சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து. ரொம்ப நீர்த்துப்போனாலோ, பலன் குறையும். பாதிப் பாக்கெட்டை அரை லிட்டரில் போட்டால் கணக்குப்படி விகிதம் சரிதான். ஆனால் பொடி உள்ளே ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முழுப் பாக்கெட்டையும் பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் கலப்பதே முறை. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இந்தக் கரைசலின் பெருமை அதன் விகிதத்தில்தான் இருக்கிறது. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையூரான பங்காவில் அகதிகள் முகாமில் காலரா. நரம்பு வழி ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிந்து உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளவாகக் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள். சாவுகள் மளமளவென்று குறைந்தன. 2022-ல் அவர் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

குடல், சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் சேர்த்து இழுக்கிறது. பின்னாலேயே தண்ணீர் போகிறது. 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சிபாரிசு செய்த கலவையில் சோடியத் துகளும் குளுக்கோஸ் துகளும் எண்ணிக்கையில் 1 : 1.

பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு வீட்டு முறையும் உண்டு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு, தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. டாக்டரிடம் போவதற்குள் கொடுக்க இது. சர்க்கரைக்கும் உப்புக்கும் விகிதம் 6 : ½. பின்னத்தோடு விடலாமா? இரண்டு பக்கமும் இரண்டால் பெருக்குங்கள். 12 : 1. சுருக்குவது என்றால் எப்போதும் வகுப்பதுதான் என்று நினைக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

வீட்டில் அப்பாவையும் பிள்ளையையும் வைத்தே போடக்கூடிய கணக்கு இது. பிள்ளை பிறந்தபோது அப்பாவுக்கு வயது 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளில் அப்பாவுக்கு 25. விகிதம் 25 : 1. அப்பா மலை, பிள்ளை கடுகு! பிள்ளைக்கு 12 ஆகும்போது அப்பாவுக்கு 36, விகிதம் 3 : 1. பிள்ளைக்கு 24, அப்பாவுக்கு 48. இப்போது 2 : 1. பிள்ளைக்கு 48 ஆகும்போது அப்பாவுக்கு 72. சுருக்கினால் 3 : 2.

வருஷா வருஷம் இரண்டு பக்கமும் ஒன்றைத்தான் கூட்டுகிறோம். கூட்டினால் விகிதம் மாறும் என்றோமே, அதேதான். 24 வருஷ வித்தியாசம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஆனால் விகிதம் மட்டும் இறங்கி இறங்கி 1 : 1-ஐ நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. மீசை முளைத்த பிள்ளை அப்பாவோடு சரிக்குச் சரி வாதாடுவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறதோ என்னவோ!

எத்தனை வருஷம் ஓடினாலும் அந்த விகிதம் 1 : 1-ஐ நெருங்குமே தவிர, தொடாது. "எவ்வளவு பெரிய ஆளானாலும் நீ எனக்குப் பிள்ளைதாண்டா" என்று அப்பாக்கள் சொல்கிறார்களே... கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு சரி!